ஐந்தாம் நாள் பார்த்த குழந்தை

தாராவியில் ஜெபசெல்விக்கு ஒதுக்கப்பட்டவை பதினொரு சந்துகள். அந்தப் பதினொன்றிலும் அவள் கையில் தூங்காத குழந்தை கிடையாது. ஒரு தொண்டு நிறுவனத்தின் நீலக் கோட் ஒன்றைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு, தோளில் தராசுப் பை தொங்க அவள் நுழைந்தாலே, குழாயடியில் நிற்கும் பெண்கள், "எடைக்காரி வாரா, பிள்ளைகள ஒளிச்சு வைங்க" என்று சிரிப்பார்கள்.

வயது நாற்பத்தொன்று. படிப்பு பத்தாவது. திருநெல்வேலிச் சீமை நாசரேத் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. பன்னிரண்டு வருடமாக இதே வேலை. வேலை என்று சொல்வதும் பிசகு. நிறுவனத்தின் காகிதத்தில் அவள் 'தன்னார்வலர்'. தன்னார்வலருக்குக் காய்ச்சல் வந்தால் விடுப்பு இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை வீடு பார்த்தாக வேண்டும் என்ற கணக்கு மட்டும் உண்டு.

வாய்தான் அவள் மூலதனம்.

"ஏட்டி, தொப்புள்ல என்னத்த அப்பி வச்சிருக்க? சாம்பலா? புள்ள தொப்புளா, அடுப்பா? ஒண்ணும் போடாத. தானா காஞ்சு விழும்."

"குளிப்பாட்டிட்டு மூக்குல ஊதுதீங்களே, ஊதுனா மூக்கு எடுப்பாவா வரும்? உங்க சளிதான் அதுக்குப் போவும்."

"அழுதா பால் பத்தலன்னு எவ சொன்னா? அவ வந்து பால் குடுப்பாளா? ஒரு நாளைக்கு ஆறு தடவ மோண்டா பால் பத்துதுன்னு அர்த்தம். போத்திட்டு, நெஞ்சோட அணைச்சு வை. தேனு, சீனித்தண்ணி, வசம்பு ஒண்ணும் வாயில படக் கூடாது, சொல்லிட்டேன்."

இப்படிக் கடிந்து கடிந்தே எத்தனையோ குழந்தைகளின் வயிற்றுப்போக்கையும் சீழையும் தடுத்திருக்கிறாள். அவளுக்கே அது தெரியும். தெரிந்த அந்தப் பெருமைதான் அவள் கண்ணை மறைத்தது.

நாலு மாதத்துக்கு முன்பு நடந்தது இது.

நாலாம் சந்தில் இசக்கிமுத்துவின் வீடு. பத்துக்குப் பத்து அறை. அவன் கைப்பை தைக்கும் கார்கானாப் பட்டறையில் வேலை செய்கிறான். மனைவி பேராச்சி இருபத்திரண்டு வயதுக்காரி. கல்யாணமாகி ஊரிலிருந்து வந்து ஒன்றரை வருடம். அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரசவம் பார்க்க ஆன்டாப் ஹில்லிலிருந்து வந்திருந்தவள் இசக்கிமுத்துவின் அக்கா கனகவள்ளி. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் என்பதால் அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

ஐந்தாம் நாள் ஜெபசெல்வி போனாள். அன்று அவளுக்கு முப்பத்திரண்டு வீடு கணக்கு. வாரக் கணக்கை அன்று மாலைக்குள் போனில் ஏற்ற வேண்டும். கனகவள்ளி குழாயடிக்குப் போயிருந்தாள். குழந்தையை எடை போட்டபோது பேராச்சி மெதுவாகக் கேட்டாள்.

"யக்கா, புள்ள கொஞ்சம் மஞ்சளா இருக்காப்ல இல்ல?"

ஜெபசெல்வி குனிந்து பார்த்தாள். பச்சைச் சுவர், மங்கிய டியூப்லைட். கதவைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். மேலே இரண்டு பக்கத்து மாடிகளும் முட்டிக்கொண்டு நிற்க, மிச்சமிருந்த வானத்தையும் நீலத் தார்ப்பாய் மூடியிருந்தது. அந்தச் சந்தில் நண்பகலுக்கும் மாலைக்கும் வித்தியாசம் கடிகாரத்தில்தான் தெரியும். காலையில்தான் கனகவள்ளி எண்ணெயும் கஸ்தூரி மஞ்சளும் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தாள். நெற்றியின் ஓரத்தில் மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது.

"அது உங்க மதினி அப்புன மஞ்சதான் ஏட்டி. காலைல கொஞ்சம் வெயில்ல காட்டு, சரியாப் போவும்."

"பால் குடிக்கையிலயே தூங்கித் தூங்கிப் போவுது யக்கா."

"பச்சப் புள்ள தூங்காம உன்னோட தாயமா ஆடும்?"

பேராச்சி சிரித்தாள். ஜெபசெல்வி போனை எடுத்தாள். 'குழந்தையின் நிறம்' என்ற கேள்விக்கு எதிரே 'இயல்பு' என்று தொட்டாள். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

செய்ய வேண்டியது என்ன என்று அவளுக்குத் தெரியாததா? எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள்! மஞ்சளை ஈரத்துணியால் துடைத்து, குழந்தையை நல்ல வெளிச்சத்துக்குத் தூக்கிப் போய், மூக்கு நுனியையும் நெஞ்சையும் விரலால் அழுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். கால்வரை காமாலையின் மஞ்சள் இறங்கியிருந்தாலோ, குழந்தை குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. வெளிச்சம் வேண்டுமானால் தொண்ணூறடி ரோடு வரை நடக்க வேண்டும். போக ஆறு நிமிடம், வர ஆறு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடம் அவளிடம் இல்லை; அல்லது இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியது. உடம்பு வில்லாக வளைந்தது. இசக்கிமுத்து செருப்பில்லாமல் அதை அள்ளிக்கொண்டு ஓடினான். நீல விளக்குக்குக் கீழே கண்ணைக் கட்டிப் படுக்க வைத்து, ரத்தத்தையே மாற்றி, குழந்தையைக் காப்பாற்றினார்கள். "மூணு நாள் முன்னாடி கொண்டு வந்திருந்தா விளக்கே போதும்" என்று டாக்டர் இந்தியில் சொன்னதை ஜெபசெல்வி பக்கத்தில் நின்று கேட்டாள். பேராச்சிக்கு இந்தி அவ்வளவாகத் தெரியாது. என்ன சொல்கிறார் என்று அவள் கேட்டபோது ஜெபசெல்வி, "புள்ளைக்கி ஒண்ணும் இல்லன்னு சொல்லுதாரு" என்றாள்.

பேராச்சி அவள் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்க வெயில்ல காட்டச் சொன்னீங்க யக்கா. தீட்டு, வெளிய போவக் கூடாதுன்னு மதினி விடல. நான் மீறிப் போயிருக்கணும். என் தப்புதான்."

ஜெபசெல்வி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மனிதர் செய்யும் கொடுமைகளில் பாதி, கையால் செய்பவை அல்ல. இப்படி வாயைத் திறக்காமல் செய்பவை.

அந்த நாலு மாதமும் அவள் ஞாயிறுதோறும் கோயிலில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டாள். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்பது எளிது. அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்பதில்லை. யாரிடம் கேட்க வேண்டுமோ அவள் நாலாம் சந்தில் இருந்தாள். அவளிடம் மட்டும் அவள் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு எடை பார்க்கப் போனால் பையைத் தரையில் வைப்பதற்குள் கிளம்பிவிடுவாள்.

கனகவள்ளியோ ஓயவில்லை. மாசமாக இருந்தபோது பேராச்சி மாம்பழமாகத் தின்றதுதான் பிள்ளை மஞ்சளாகப் போனதற்குக் காரணம் என்றாள். சந்து முழுக்க அதை நம்பியது. மாம்பழத்தின் நிறத்துக்கும் ஈரலின் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நாக்கும் கேட்கவில்லை. பெண்ணின் மேல் பழி போட ஒரு காரணம் கிடைத்துவிட்டால் நம் ஊர்களில் அறிவு லீவு போட்டுவிடும். பம்பாய்க்கு ரயில் ஏறி வந்தாலும் அதே கதைதான்.

நாலாம் மாதம் ஆஸ்பத்திரியில் குழந்தையின் தலையில் வயர்களை ஒட்டிக் காதைச் சோதித்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. இப்போதே மெஷின் வைத்துப் பேச்சுப் பயிற்சி கொடுத்தால் பிள்ளை பேசும் என்றார்கள். அன்று மாலை ஜெபசெல்வி போனபோது வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். குழந்தை அம்மு பாயில் கிடந்து தன் கால் விரலைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வா ஜெபா, நல்ல நேரத்துக்கு வந்த" என்றாள் கனகவள்ளி. "எந்நேரமும் காதுல போன மாட்டிக்கிட்டே கெடந்தா இவ. புள்ளைக்கிக் காது எங்கிட்டுக் கேக்கும்? தம்பி, நான் சொல்லுதத கேளு. இவள ஊருக்கு ஏத்தி விடு. புள்ளைய நான் வளத்துக்கிடுதேன்."

இசக்கிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேராச்சியின் கண்ணில் கண்ணீர்கூட இல்லை. "மதினி சொல்லுததுதான் சரி. என்கிட்ட இருந்தா இதுக்கு இன்னும் என்னென்ன வருமோ" என்றாள்.

அவள் நம்பிவிட்டாள். ஜெபசெல்வி பையை இறக்கி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, மாம்பழமும் இல்ல, போனும் இல்ல. நான்தான்."

"என்னட்டி சொல்லுத?"

"அஞ்சாம் நாளே இவ கேட்டா, புள்ள மஞ்சளா இருக்கேன்னு. பால் குடிக்காம தூங்குதுன்னும் சொன்னா. நான் வெளிச்சத்துக்குக் கொண்டுபோயிப் பாக்கல. அவசரம். இயல்புன்னு போன்ல ஏத்திட்டுப் போயிட்டேன். காமால முத்திப்போயி காது நரம்பத் தாக்கிருச்சு. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கிப் போயிருந்தா காது போயிருக்காது."

கனகவள்ளியின் முகம் மாறியது. "அப்ப நான் தேச்ச மஞ்சதான் காரணம்னு சொல்ல வாரியா?"

"இல்லக்கா. மஞ்ச தேச்சா காமால வராது. மஞ்ச தேச்சிருக்குன்னு தெரிஞ்சும் தொடச்சுப் பாக்காதது என் தப்பு."

"வெயில்…" என்றாள் பேராச்சி.

"வெயில்ல காட்டியிருந்தாலும் காமால போயிருக்காது. அது வைத்தியமே இல்ல. எல்லாரும் சொல்லுவாங்கன்னு நானும் சொல்லிட்டேன்."

இசக்கிமுத்து எழுந்து நின்றான். கை ஓங்கவில்லை, எங்கே வைப்பது என்று தெரியாத கையைச் சட்டைப் பையில் நுழைத்தான். "பெரிய படிச்சவளாட்டம் ஊருக்கெல்லாம் வகுப்பெடுப்பீங்களே!" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான்.

பேராச்சி குழந்தையைப் பாயிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டாள். "நாலு மாசம். நான் வெயில் காட்டலன்னு அழுதப்ப நீங்க என் பக்கத்துலதான இருந்தீங்க? முதுக வேற தடவிக் குடுத்தீங்க."

ஜெபசெல்வி வாய் திறக்குமுன் பேராச்சியே தொடர்ந்தாள்.

"இங்கன சொன்னா எங்க மூணு பேருக்குத்தான் தெரியும். நாளைக்கே மதினி மறுபடி மாம்பழம்னுவாங்க. எழுதிக் குடுங்க. உங்க ஆபீஸ்லயும் குடுங்க, எனக்கும் ஒண்ணு குடுங்க."

மறுநாள் ஜெபசெல்வி மேற்பார்வையாளர் ரஞ்சனாவிடம் போனாள். செம்பூரிலிருந்து வருகிறவர், நல்ல மனுஷி, காலையில் சாப்பிட்டாயா என்று கேட்காமல் எவரையும் வேலைக்கு அனுப்பமாட்டார்.

"வாயால சொல்லியாச்சோல்லியோ, அதோட விடுங்கோ" என்றார் அவர். "எழுத்துல குடுத்தா ஹெட் ஆபீஸ் உங்களைத்தான் நிறுத்தும். முப்பத்திரண்டு வீடு டார்கெட் போட்டது யாருன்னு எவனும் கேக்க மாட்டான்."

"அதையும் எழுதிருக்கேன் மேடம்."

ரஞ்சனா காகிதத்தை வாங்கிப் படித்தார். 'இந்தக் குழந்தையின் தாய் மேல் எந்தத் தவறும் இல்லை. அவர் ஐந்தாம் நாளே சரியாகக் கவனித்துக் கேட்டார்' என்று தொடங்கியிருந்தது. அதற்கு அடுத்துத்தான் ஜெபசெல்வியின் தவறு. கடைசியில், சூரியன் எட்டிப் பார்க்காத சந்துகளுக்குத் தோலின் மேல் வைத்துப் பார்க்கும் மஞ்சள்காமாலைக் கருவி ஒன்று வேண்டும், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீட்டுக்கு மேல் கூடாது என்று இரண்டு வரி. 'பக்கத்து வசதிக்காரப் பேட்டை மாட்டுங்காவில் பிறக்கும் குழந்தைக்கு மூன்றாம் நாளே ரத்தம் சோதிக்கிறார்கள். தாராவிக் குழந்தைக்கு வெயிலைச் சொல்கிறோம், அந்த வெயிலும் இங்கே இல்லை' என்று அவள் முதலில் எழுதி, பழியைத் தள்ளுவதுபோலத் தோன்றுமோ என்று அடித்திருந்தாள். அடித்த வரியைத்தான் ரஞ்சனா இரண்டு முறை படித்தார். "இதை ஏன் அடிச்சேள்?" என்று கேட்டுவிட்டு, தலைமையகத்துக்குப் போகும் உறைக்குள் அந்தக் காகிதத்தை வைத்தார்.

இரண்டாம் பிரதியைப் பேராச்சி வாசலில் நின்றபடியே வாங்கிக்கொண்டாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தாள். உள்ளே கனகவள்ளிக்குக் கேட்கும்படி முதல் வரியை இரண்டாவது தடவை உரக்கப் படித்தாள். பிறகு நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் அம்முவுக்கு ஊசி. வேற ஆள வரச் சொல்லுங்க."

"இந்தச் சந்துக்கு வேற ஆள் கிடையாது பேராச்சி. என்னைய நிறுத்துனா யாராவது வருவாங்களான்னும் தெரியல."

பேராச்சி யோசித்தாள். அவள் முகத்தில் மன்னிப்பின் சாயல் எதுவும் இல்லை. இருக்க வேண்டும் என்று ஜெபசெல்வி எதிர்பார்க்கவும் இல்லை.

"அப்ப நீங்களே வாங்க. ஆனா வீட்டுக்குள்ள வேண்டாம். நான் புள்ளைய மெயின் ரோட்டுக்குத் தூக்கிட்டு வாரேன். அங்கன வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. என்ன பாக்குதீங்க, எதுக்குப் பாக்குதீங்கன்னு ஒவ்வொண்ணா எனக்குச் சொல்லணும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

"எத்தன மணிக்கி?"

"பத்து மணிக்கி" என்று சொல்லிவிட்டுப் பேராச்சி கதவைச் சாத்தினாள்.