அன்னாசித் தோல் ஸ்பிரிட்

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில், பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்து வேலி கேட்டில் பெண்களைச் சோதிக்கிற வேலை எனக்கு. காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொண்டுபோகக் கூடாது என்பதற்கான சோதனை அது.

ஒருநாள் மாரியாயி அக்காவின் கூடையில் ஒரு போத்தல் அகப்பட்டது. திறந்தால் சாராய நெடி. சம்சு என்கிற கள்ளச்சாராயம் குடித்தே செத்தவர் என் வீட்டுக்காரர். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"குடிக்கிறதுக்கு இல்ல தங்கச்சி. அன்னாசித் தோல ஊறப்போட்டு, ரெண்டு தடவ காய்ச்சி எறக்குனது. ஆஸ்பத்திரி அடுப்புக்குத்தான்லா!"

"யாருகிட்ட கத வுடுற?" வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, போத்தலைத் தரையில் கவிழ்த்தேன்.

அன்று மத்தியானம், காய்ச்சலில் துவண்ட மகளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஊசி போடும் டிரெஸர் கையைப் பிசைந்தார்.

"டவுன்லேருந்து ஸ்பிரிட் வந்து மூணு வாரமாச்சும்மா. மாரியாயி கொண்டாறத ஊத்தித்தான் அடுப்பெரிச்சு ஊசிய கொதிக்க வைக்கிறேன். நேத்து ஒம்மகளுக்குப் போட்டதும் அப்படித்தான். இன்னிக்கி மாரியாயியக் காணோம். வெறகெல்லாம் மழையில ஈரம். எரியிற வரைக்கும் ஒக்காரு."

அனலாய்க் கொதித்த மகளை மடியில் போட்டுக்கொண்டு, புகைந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் பிழைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அக்கா மறுபடி போத்தலோடு வந்தாள். நான் கேட்குமுன்பே மூடியைத் திறந்து நீட்டினாள்.

"மோந்து பாத்துக்குங்கம்மா."

அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை.