அஞ்சக்காவின் கணக்கு

பல் கிளினிக்குக்கு வரும் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் அஞ்சக்கா. டாக்டரம்மாவிடம் உதவியாளராகச் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. ஊசியைக் கண்டு அலறும் பிள்ளையிடம் ‘வலிக்கவே வலிக்காது கண்ணு’ என்று ஒருநாளும் அவள் சொன்னதில்லை. ஒரு பொய் போதும், அந்தப் பிள்ளை ஜென்மத்துக்கும் வாயைத் திறக்காது என்பது அவள் கட்சி. “வலிக்கும். அஞ்சு எண்றதுக்குள்ள போயிடும்” என்பாள். நாற்காலி பக்கத்தில் நின்று எத்தனையோ முகங்களைப் பார்த்துப் போட்ட கணக்கு அது.

அவள் மட்டும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. கடைவாய்ப் பல்லில் மூன்று வருடமாகச் சொத்தை, கைப்பையில் கிராம்பு டப்பா. வலி கிளம்பினால் ஒரு கிராம்பை எடுத்து அடக்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவாள். ஊருக்குத்தானே உபதேசம்!

அன்று மாலை பள்ளிக்கூட ஹாக்கி கோச் ஃபோனில் பதறினார். கோல் காத்த பத்து வயதுப் பெண்ணின் வாயில் பந்து பட்டு முன்பல் வேரோடு விழுந்துவிட்டதாம். பால்பல் எப்போதோ விழுந்து முளைத்த பல் அது, போனால் போனதுதான்.

“பல்லு எங்க சார்?”

“கர்ச்சீப்ல சுத்தி வச்சிருக்கேன். ஒரே மண்ணு. பிரஷ் போட்டுத் தேய்ச்சுடட்டுமா?”

“ஐயோ, தேய்ச்சுடாதீங்க! வேர்ல கை படாம பால்ல போட்டு எடுத்துட்டு ஓடி வாங்க. அரை மணிக்குள்ள வச்சாதான் நல்லா ஒட்டும்.”

டம்ளரில் பாலும் பாலுக்குள் பல்லுமாக கோச் பெண்ணோடு வந்து சேர்வதற்குள் பல் விழுந்து இருபது நிமிடம் ஓடிவிட்டது. பெண் சமர்த்தாக நாற்காலியில் ஏறினாள். ஊசியைப் பார்த்தாள். அதோடு சரி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆட்டம் முழுக்கப் பந்தைத் தடுத்தவளுக்கு டாக்டரம்மாவின் விரலைத் தடுப்பதா பெரிய காரியம்!

“வலிக்கும் பாப்பா. அஞ்சு எண்றதுக்குள்ள போயிடும்” என்றாள் அஞ்சக்கா.

விரலிடுக்கு வழியாகக் காற்றும் கேள்வியுமாக வந்தது. “உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்க இதுல உக்காந்து ஊசி போட்டுக்கிட்டிருக்கீங்களா?”

‘ஓ, எத்தனையோ தடவை’ என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. டம்ளரில் பல் கிடக்கிறது, கடிகாரமோ நிற்பதாக இல்லை. நாக்கு நுனிவரை வந்த பொய்யை அஞ்சக்கா விழுங்கினாள்.

“இல்ல பாப்பா. எனக்கும் பயம். உன்னைவிட ஜாஸ்தி.”

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

“உனக்கு முடிஞ்சதும் நான் உக்கார்றேன். எனக்கும் ஒரு சொத்தைப் பல்லு இருக்கு. நீயே பக்கத்துல நின்னு பாரு.”

“நெஜமா?”

“நெஜமா.”

கைகள் மெல்ல இறங்கின. ஊசி ஏறியது, அஞ்சக்கா எண்ணினாள். டாக்டரம்மா பல்லை அலசி அதன் இடத்தில் பொருத்தியபோது அரை மணிக்கு இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. மெல்லிய கம்பி வைத்துப் பக்கத்துப் பற்களோடு அதை ஒட்டினார். கண்ணாடியில் பல்வரிசை முழுசாகத் தெரிய, அந்தப் பெண்ணைவிட அஞ்சக்காவுக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடு, கருவிகளைக் கழுவுகிற சாக்கில் நழுவப் பார்த்தாள். பேசக் கூடாதென்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், பெண் நாற்காலியை விரலால் காட்டினாள்.

“உக்காரும்மா. மூணு வருஷமா கிராம்பு வாசனை எங்கேருந்து வருதுன்னு இன்னிக்குத்தான் புரியுது” என்றார் டாக்டரம்மா.

வேறு வழியில்லை, உட்கார்ந்தாள். அவள் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஊசி ஏறியதும் மறு கையில் ஒவ்வொரு விரலாக நிமிர்த்தி எண்ணினாள் பெண். நாலாவது விரலிலேயே வலி போய்விட்டது. அடப்பாவமே, பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளிடம் ஒன்று கூட்டியல்லவா சொல்லியிருக்கிறாள்!

பெண்ணோ விடுவதாக இல்லை. சொன்னது சொன்னதுதான் என்று ஐந்தாவது விரலையும் நிமிர்த்திய பிறகே அவள் கையை விட்டாள்.