கீழ்வயலின் சம்மதம்

ஒதியம்பட்டு ஞானசுந்தரியை எங்கள் வக்கீல் நாகராஜனுக்கு முதலில் பிடிக்கவில்லை. குமாஸ்தாவான எனக்கோ சுத்தமாகப் பிடிக்கவில்லை. எதைச் சொன்னாலும், "அது எப்பிடி?" என்று குறுக்கே கேட்பார்.

அவருக்கு இருந்ததெல்லாம் வாய்க்காலோரம் ஒன்றரைக் காணி நஞ்சை. கணவர் போன பிறகு அதில்தான் சோறு. பக்கத்தில் மூடிப்போன சாயத் தொழிற்சாலை விட்டுப்போன விஷச் சேற்றை அள்ளி, அந்த நிலத்தில் குழி வெட்டிப் புதைப்பதென்று 1984இல் அரசாங்கம் முடிவு செய்தது. ஊரைச் சுத்தம் செய்கிறார்களாம்! நிலத்தை எடுத்துக்கொள்ள உத்தரவும் வந்துவிட்டது. ஞானசுந்தரி சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்.

இரண்டாவது வருஷம் அரசு வக்கீல் இறங்கி வந்தார். ஞானசுந்தரியின் நிலத்தை விட்டுவிடுகிறோம், அதற்கடுத்த கீழ்வயலில் குழி வெட்டிக்கொள்கிறோம், இந்த அம்மாள் சம்மதித்தால் வழக்கை இன்றே முடித்துக்கொள்ளலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோமே!

"சம்மதமா அம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

"கீழ்வயலு பக்கீர் முகமது பாயோடது. அவரைக் கேட்டீங்களா ஐயா?"

"அதை அரசாங்கம் பார்த்துக்கும். உங்க நிலம் தப்பிச்சுதே."

"எங்க வாய்க்கால்ல கீழ்வயக்காரரைக் கேக்காம மடையைத் தொறந்து தண்ணி கூட உட மாட்டோம் ஐயா. வெசத்துக்கு நான் எப்பிடி சம்மதம் சொல்றது?"

எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். கைக்கு வந்த வெற்றியைத் தன் வாயாலேயே திருப்பிக் கொடுத்த ஆளை அன்றுதான் பார்த்தேன். திட்டத்தான் வாயெடுத்தேன். கும்பிடத்தான் தோன்றியது.

ஊர் திரும்பியதும் ஞானசுந்தரி நேராக வில்லியனூரில் பக்கீர் முகமதுவின் மளிகைக் கடைக்குப் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாய்தாவுக்கு அவரும் வழக்கில் சேர்ந்துகொண்டார். அவர் பின்னால் வாய்க்காலின் கடைசி வயல் வரைக்குமான ஆட்கள். வராந்தாவில் நிற்க இடமில்லை. "இத்தனை பேரா?" என்று நீதிபதியே எட்டிப் பார்த்தார்.

தீர்ப்பு வந்தது. அந்த வாய்க்கால் பாயும் எந்த வயலிலும் குழி வெட்டக் கூடாது, சேற்றைத் தொழிற்சாலை மதிலுக்குள்ளேயே கான்கிரீட் தொட்டி கட்டி மூட வேண்டும்.

வெளியே படியில் நின்றிருந்த ஞானசுந்தரியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்ப என் நெலம்?" என்றார்.

"உங்களுக்குத்தாம்மா."

அப்படியே படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இந்த மனுஷிக்குப் பயம் என்பதே கிடையாது என்று அதுவரை நினைத்திருந்தேன். இவ்வளவு பயத்தை உள்ளே வைத்துக்கொண்டா அன்று அப்படிப் பேசினார்!