இரண்டு ரேவதிகளும் என் பெயர்ப் பட்டியலும்

மெயில் சர்வர் பார்த்துக்கொள்கிறவனின் வேலை ஒழுங்காக நடக்கும்வரை அப்படி ஒருவன் இருப்பதே கம்பெனியில் யாருக்கும் தெரியாது; தெரிந்துவிட்டது என்றால் அவன் ஏதோ தப்பு செய்துவிட்டான் என்று அர்த்தம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். என்னை எல்லோருக்கும் நன்றாகத் தெரியும்.

வேலை என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் சாம்பிள், டிஸ்பாட்ச், நிர்வாகம் என்று சில பொது முகவரிகள் இருக்கும். அவற்றுக்கென்று தனிப் பெட்டி கிடையாது. அந்த முகவரிக்கு வரும் மெயிலை யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பெயர்ப் பட்டியல் மட்டும்தான் இருக்கும். எங்கள் தொழிலில் அதற்கு அலையஸ் என்று பெயர். பட்டனும் படமும் இல்லாத கறுப்புத் திரையில் கட்டளை அடித்து அதில் பெயரைச் சேர்ப்பேன், எடுப்பேன். இதே பிழைப்பில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் போய் உங்கள் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். இதை அப்புறமும் படிக்கலாம்.

ஒன்பது நாள்

பட்டியல் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும். ஆனால் சர்வர் அந்தக் கோப்பைப் படிக்காது. நாம் திருத்திய பிறகு இன்னொரு கட்டளை அடித்தால்தான் அது டேட்டாபேஸாக மாறும். சர்வர் பார்ப்பது அந்த டேட்டாபேஸை மட்டும்தான். இதை நான் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

சாம்பிள் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டு ராணிப்பேட்டைக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஜாபர் பாய் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். லெதரை விரலால் தடவியே எந்த டேனரியில் பதனிட்ட சரக்கு என்று சொல்லிவிடுவார். பழைய பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட்டேன். கோப்பை மூடினேன். இரண்டாவது கட்டளையை அடிக்காமல் டீ குடிக்கப் போய்விட்டேன். ஒன்பது நாள், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் எழுதியதெல்லாம் போனவரின் ஆளில்லாத பெட்டியில் போய் விழுந்தது. அதில் ஒன்று, 'லைனிங் கறுப்பு வேண்டாம், பழுப்பு போடுங்கள்' என்பது. கறுப்பு லைனிங்கோடு சாம்பிள் விமானம் ஏறிவிட்டது. வேலைக்கு வந்த மூன்றாவது வாரத்திலேயே ஜாபர் பாயை எம்டி அறையில் நிற்க வைத்துத் திட்டினார்கள். கண்ணாடிக் கதவு என்பதால் வெளியே இருந்த நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

காரணம் புரிந்ததும் கட்டளையை அடித்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. பிறகு அவரிடம் போய், "சர்வர்ல ஏதோ ப்ராப்ளம் பாய், இப்ப சரியாய்டுச்சு" என்றேன். அந்த ப்ராப்ளத்தின் பெயர் என்னவென்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. அவர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "வுடு தம்பி, மெஷின்னா அப்பிடித்தான் இருக்கும். மனுசன் பண்ணியிருந்தாதான் பேஜாரா இருந்திருக்கும்."

லீவில் போன இருவர்

ஸ்டிச்சிங் மேனேஜர் திருப்பதிக்குப் போனார். அதே வாரம் டிஸ்பாட்ச் மேனேஜர் தங்கை கல்யாணத்துக்காகக் கலவை என்ற ஊருக்குப் போனார். முன்னவர் வந்து, "என் மெயிலை டிஸ்பாட்ச் சாருக்குத் திருப்பி விடு" என்றார். பின்னவர் வந்து, "என்னோடதை ஸ்டிச்சிங் சாருக்குப் போட்டு விடு" என்றார். இருவருக்கும் சரி என்று தலையாட்டி, இரண்டு வரியையும் அடுத்தடுத்து எழுதினேன், இந்த முறை டேட்டாபேஸும் மறக்காமல் செய்தேன். ஒருவருக்கு வந்த மெயில் மற்றவருக்குப் போய், அங்கிருந்து இவருக்கே திரும்பி வந்து சுற்றிக்கொண்டே இருக்க, சர்வர் அலுத்துப்போய் அதை எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிட்டது. அப்படித் திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள், இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டதாக முடிவு கட்டிவிட்டார்கள். மொட்டைத் தலையோடு திரும்பி வந்த ஸ்டிச்சிங் மேனேஜர் நேராக என் மேஜைக்கு வந்தார். "மொட்டை போட்டுக்கினு வரலாம்னு போனேன். திரும்பி வந்தா, எந்த கம்பெனில வேலை கெடச்சுதுன்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க."

சாப்ட்டியாடா

அதற்குப் பிறகு எதை மாற்றினாலும் ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். சோதனைக்கென்றே என் பெயரும் என் தோஸ்த் ஒருவன் பெயரும் மட்டும் உள்ள பட்டியல் இருந்தது. ஒருநாள் அவனுக்கு என்று நினைத்து 'சாப்ட்டியாடா' என்று ஒரே வார்த்தை அனுப்பினேன். அது போய் விழுந்தது கம்பெனியில் எல்லோருக்குமான பட்டியலில். முதலாளியின் அப்பா, நாங்கள் மரியாதையாக ஹஜ்ரத் என்று கூப்பிடும் பெரியவர் முதல் எல்லோரும் அதில் உண்டு. அவர் எதிரே வந்தால் எம்டியே எழுந்து நிற்பார். கால் மணி நேரத்தில் எனக்குப் போன் வந்தது. அவரேதான் பேசினார், கோபமே இல்லாமல். "இன்னும் இல்லப்பா. தொழுதுட்டு வந்துதான் சாப்பிடுவேன்."

ரிசப்ஷன் ரேவதி

இதுவரை சொன்னதை நானே கேன்டீனில் சிரித்துக்கொண்டு சொன்னதுண்டு. இனிமேல் வருவதை அங்கே சொன்னதில்லை.

எம்டியின் செயலாளர் பெயர் ரேவதி. ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவர் பெயரும் ரேவதி. ரிசப்ஷன் ரேவதி முதலில் சேர்ந்தவர் என்பதால் அவர் முகவரி வெறும் ரேவதி. செயலாளருக்கு மட்டும் பின்னால் ஒரு எஸ் உண்டு. நிர்வாகப் பட்டியலில் செயலாளரைச் சேர்க்கச் சொன்னார்கள், நான் அந்த எஸ்ஸை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து பெரிய அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்டதெல்லாம் வாசலில் போன் எடுக்கிற ரேவதிக்குப் போய்ச் சேர்ந்தது. செயலாளரோ எம்டியின் பெட்டியையே திறந்து பார்க்கிறவர். தனக்கு எதுவும் வரவில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் மதியம் ரிசப்ஷன் ரேவதி என் அறைக்கு வந்தார். பக்கத்து அறை லெதர் ஸ்டோர். அந்த வாடைக்கு யாரும் சும்மா வந்து நிற்க மாட்டார்கள். "அண்ணா, மேனேஜருங்க மெயில்லாம் எனக்கு வருது, எடுத்துடுங்க" என்றார். திரையில் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு முகம் சுட்டது. உடனே அவர் பெயரை எடுத்து, சரியான ரேவதியைப் போட்டு, டேட்டாபேஸையும் புதுப்பித்தேன். அந்த மெயில்களில் என்ன இருந்தது, அதனால் அவருக்கு ஏதாவது சங்கடமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் சொன்னது, "நான் தப்பா போட்டுட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்பதுதான். கதவுப் பக்கம் போனவர் நின்றார். "சொல்ல மாட்டேண்ணா. ரெண்டாவது யூனிட்டுல ஒரு லைனை மூடப் போறாங்க. நிறுத்தப் போறவங்க லிஸ்ட்டுல எங்க வீட்டுக்காரர் பேரு இருக்குது. பத்து நாளா டிபன் கட்டிக் குடுத்து அனுப்பறேன், அவர்கிட்டயே இன்னும் சொல்லல."

அஞ்சு பேர்

அடுத்த வாரம் இரண்டாவது யூனிட்டில் விஷயம் வெளியாகிவிட்டது. சாப்பாட்டு மணி அடித்து முடிந்தும் ஆட்கள் மெஷினுக்குத் திரும்பாமல் வெளியிலேயே நின்றார்கள். எச்.ஆர். மேனேஜர் வேகமாக வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "நிர்வாக மெயில் யாரு யாருக்குப் போவுது? காட்டு" என்றார். டேட்டாபேஸைக் கேட்கிற கட்டளையை அடித்தேன். ஐந்து பெயர் வந்தது, எல்லாம் சரியான பெயர். "எப்பவும் இவங்கதானா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன்.

அவர் போனபின் சர்வரின் லாகைத் திறந்தேன். எந்த மெயில் யாருக்குப் போனது என்று சர்வர் தானாக எழுதிவைக்கிற பதிவு அது. ரேவதியின் பெயர் வரிவரியாக அதில் இருந்தது. அழித்துவிடலாமா என்று விரல் போனது. அழிக்கவில்லை. நேர்மையால் இல்லை, அழித்தால் அந்த ஓட்டையும் கண்ணுக்குத் தெரியும் என்ற பயத்தால். ரேவதியைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது என்னைத்தான் என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

நிறுத்தப் போகிறவர்களின் பட்டியலை டைப் அடித்தவர் எச்.ஆர். கிளார்க் தணிகாசலம். பள்ளிகொண்டாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற, அதிகம் பேசாத மனிதர். மேலே இருந்த ஐந்து பேரில் யாரையும் சந்தேகப்பட முடியாது என்பதால் சந்தேகம் அவர்மேல் இறங்கியது. அன்று மாலையே அவரைக் கேட் ஆபீசுக்கு மாற்றினார்கள். உள்ளே வருகிற லாரியின் நம்பரை நோட்டில் எழுதுகிற வேலை. வீட்டுக்குப் போகும்போது நான் அவரைப் பார்க்காத மாதிரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவராகவே கூப்பிட்டுச் சொன்னார். "உன் பட்டியல் சரியா இருக்குதாமே. அப்போ நான்தான்னு முடிவு பண்ணிட்டாங்க."

கேட்டைத் தாண்டி மூன்று நாள்

மூன்று நாள் அந்தக் கேட் வழியாகவே போய் வந்தேன். ஒவ்வொரு தடவையும் தணிகாசலம் தலையாட்டினார், நானும் ஆட்டினேன். நாலாவது நாள் காலையில் ரிசப்ஷனில் போய் நின்றேன். "மேல போய் உண்மையச் சொல்லப் போறேன்மா. உன் பேரும் வெளிய வரும்" என்றேன். அதற்குள் போன் அடித்தது. எடுத்துப் பேசி, உள்ளே இணைத்துவிட்டு, ரேவதி என்னைப் பார்த்தார். "வரட்டும். நான் யார்கிட்டயும் சொல்லல, அது எனக்குத் தெரியும். நீங்க போங்க" என்றார்.

லாகை பிரிண்ட் எடுத்துக்கொண்டுபோய் எச்.ஆர். மேனேஜரின் மேஜையில் வைத்தேன். ரேவதியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். சாயங்காலத்துக்குள், விஷயம் வெளியான வழியே வேறு என்று தெரிந்தது. இரண்டாவது யூனிட் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆலங்காயம் பக்கம் போகிற கம்பெனி பஸ் அடுத்த மாதத்திலிருந்து வேண்டாம் என்று கான்ட்ராக்டருக்குக் கடிதம் போயிருக்கிறது. அவர் டிரைவரிடம் சொல்ல, டிரைவர் பஸ்ஸில் வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறார். எந்த மெயிலும் கசியவில்லை, ஆபீசில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் எச்.ஆர். மேனேஜரேதான். மறுநாள் தணிகாசலம் தன் நாற்காலிக்குத் திரும்பினார். எனக்கு மெமோ வந்தது. அதைக் கொடுத்த மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஒரு எழுத்து விட்டதுக்கு இல்ல இது. நான் பின்னால நின்னு கேட்டேனே, அப்ப ஆமா சார்னு சொன்னதுக்கு."

மன்னிப்பு கேட்கப் போனது

மாதக் கடைசியில் அந்த லைனை மூடினார்கள். ரேவதியின் வீட்டுக்காரர் குடியாத்தத்தில் தன் மச்சான் வீட்டு விசைத்தறியில் லுங்கி நெய்யப் போய்விட்டார். தையல் மெஷினில் பழகிய கைக்குத் தறி இன்னும் பிடிபடவில்லை என்று கேள்விப்பட்டேன். அவர் மனைவியிடம் நான் இன்னும் மன்னிப்பு கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மெயிலில் எழுதலாமா என்று யோசித்தேன், என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ரிசப்ஷனில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். "என்னாலதான் உனக்கு அந்தப் பத்து நாள்" என்று தொடங்கினேன்.

வருகைப் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்த ரேவதி ஸ்கேலை எடுக்காமலே பேசினார். எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. தன் பங்கைத் தானே கணக்குப் பார்த்த மாதிரி இருந்தது. "நீங்க தப்பா போட்டீங்க, சரி. மொத மெயில்லயே எனக்கு இல்லன்னு தெரிஞ்சிடுச்சு. அன்னிக்கே வந்து சொல்லியிருக்கலாம், ஆனா படிச்சிக்கினு இருந்தேன்ணா."

எல்லோருடைய கடிதத்தையும் உரியவரிடம் சேர்ப்பதுதான் என் தொழில் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் நானே நடந்துபோய்க் கொடுக்க வேண்டியிருந்த மன்னிப்புகளில் ஒன்றுகூட இதுவரை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.