துபாயில் திறக்காத கபடிப் போட்டி

முக்கூடலில் பெண்கள் கபடி இறுதிப் போட்டி. என் அண்ணன் மகள் ஆடுகிறாள். அவள் அம்மா, துபாயில் நர்ஸாக இருக்கும் என் மதினி, போட்டிக் குழுவின் இணையதளத்தில் நேரலை பார்ப்பதற்காகவே லீவு போட்டிருந்தார்.

ஆட்டம் தொடங்கும் முன்பே போன் வந்தது. “ஏளா, தெறக்கவே மாட்டேங்கு. இங்கன யாருக்குமே தெறக்கல.”

மைதானத்தில் நின்ற என் போனில் நன்றாகத் திறந்தது. குழுவை நடத்தும் உரக்கடை அண்ணாச்சியின் லேப்டாப்பில் திறக்கவில்லை. “படம் ஓடுது, பாக்கத்தான் ஆளில்லம்மா,” என்றார். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பார்ப்பது என் வேலை. லேப்டாப்பை வாங்கிக்கொண்டேன்.

தளத்தின் பெயரைச் சொன்னால் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். அந்த லேப்டாப் கேட்டது, யாரும் பயன்படுத்தக்கூடிய ஒரு பொதுச் சேவையிடம். முகவரி போலி இல்லை என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையெழுத்தை அந்தச் சேவை சரிபார்க்கும். கேட்டேன், பிழை. சரிபார்க்காமல் கொடு என்றேன். உடனே முகவரி வந்து விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிடிபட்டுவிட்டது!

“அண்ணாச்சி, டிஎன்எஸ் கம்பெனிய மாத்துனீங்களா?”

“ஆமா, நேத்துதான்.”

“பழைய கம்பெனியோட சாவி விவரம் இன்னும் பதிவுல கெடக்கு. புதுசு கையெழுத்தே போடல. பொருந்தலன்னு பொதுச் சேவை தள்ளிவிடுது. துபாய்லயும் அதையேதான் கேக்காங்க போல. என் போன் கம்பெனி அதெல்லாம் பாக்கதில்ல.”

“அப்போ அழிச்சிரும்மா!”

பெயரைப் பதிவு செய்த தளத்தில் அவர் நுழைந்தார். டிஎஸ் பதிவு என்கிற அந்தப் பழைய சாவி விவரத்தை அழித்தோம். அப்போதும் திறக்கவில்லை. பொதுச் சேவை பழைய பதிலையே நினைவில் வைத்திருந்தது. அதை மறக்கச் சொல்ல அவர்களே ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். அங்கே பெயரைக் கொடுத்து அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை; அழித்தது போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி அழுத்தினேன்.

லேப்டாப் திரையில் மைதானம் தெரிந்தது. அண்ணாச்சி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மதினியை அழைத்தேன். “தெரியுதுளா! நல்லாத் தெரியுது! பிள்ள பாடிப் போறா!” என்று கத்தினார். அண்ணாச்சி சட்டென்று என் போனைப் பிடுங்கி வர்ணனை மைக்கில் வைத்தார். துபாயிலிருந்து மதினியின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது: “ஏளா, காலப் புடிக்க வாரா, பாரு!”

நடுவர் எங்கள் பக்கம் கையை நீட்டி, வெளியிலிருந்து யாரும் சொல்லித்தரக் கூடாது என்று கண்டித்தார். கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் அண்ணன் மகள் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பியிருந்தாள்.