தெரியாது என்று சொன்ன டொக்டர்

டொரொன்டோவின் குளிர் எனக்குப் பழகிவிட்டது. டொக்டர் ஒருவர் "ஐ டோன்ட் நோ" என்று சொல்வதுதான் பழகவில்லை. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் நம்பமாட்டீர்கள். தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் மகள் சுதாவுக்கு ஆறு வயது. வயிறு ஊதியிருக்கும், கை கால் குச்சி. பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு சீலியாக் என்றார்கள். கோதுமை அவள் குடலுக்கு ஆகாதாம். விட்டால் சுகமாகும் என்றார்கள். விட்டோம். மாதக்கணக்காகியும் எடை ஏறவில்லை. ஏன் என்று கேட்டேன். ஹெலன் என்ற இளம் டொக்டர் ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க வந்திருந்த யாழ்ப்பாணத்து அக்கா தயங்கினார். "அவவுக்கும் தெரியேல்லையாம் அண்ணை."

என் மனைவி ராணி காதருகே வந்தாள். "தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்குங்க டொக்டரு? அத நானே சொல்லிருப்பேனே."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு மருந்து கொடுத்த ஐயா எதற்கும் தெரியாது என்றதில்லை. இருமலோ வயிற்றுப்போக்கோ, அவர் கை ஒரே போத்தலுக்குத்தான் போகும். பதுளைக்குப் பெரிய டொக்டரிடம் போனாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். வெளியே வந்த பிறகுதான், "என்னா சொன்னாரு?" என்று ஒருவரையொருவர் கேட்போம். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது கங்காணி கேட்டதற்கு "தெரியாதுங்க" என்றால், மலை ஏறி முடியும்வரை ஏச்சு விழும். இங்கே ஹெலன் டொக்டருக்குப் படித்து முடித்தவர். அதற்கு மேல் பிள்ளைகளின் வயிற்று நோய்களை ஆராய்ச்சி செய்யவும் பழகிக்கொண்டிருந்தார். பாதி வாரம் வார்டில், பாதி வாரம் ஆய்வுகூடத்தில். அவரைப் பழக்கியவர் ஒரு நரைத்த டொக்டர். அவர் ஏசுவார் என்று பார்த்தேன். அவரோ சந்தோஷப்பட்டார். எப்படித் தெரிந்துகொள்ளப் போகிறாய் என்று மட்டும் கேட்டார். இவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறேன் என்றார் ஹெலன். அடுத்த சோதனையிலும் எடை ஏறாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் பால் கொடுக்க வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள். சுதா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எங்களைவிட இங்கிலீஷ் விளங்கும்.

ஹெலன் சனிக்கிழமை தனியாக வந்தார். சப்பாத்தை வாசலிலேயே கழற்றினார். அலுமாரியெல்லாம் திறந்து பார்த்தார். பாண் இல்லை, பிஸ்கட் இல்லை. கோதுமை ரொட்டியும் சம்பலும் தின்று வளர்ந்த நாங்களே ரொட்டியை விட்டிருந்தோம். "தோட்டத்துப் பரம்பரையில ரொட்டி ஆகாத மகாராணி இவ ஒருத்திதான்" என்று ராணி சுதாவின் கன்னத்தைக் கிள்ளினாள். அடுப்பில் ரசம் கொதித்தது. ஒரு ஜாம் போத்தலில் கொட்டி வைத்திருந்த பெருங்காயத் தூளில் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாள். யோசித்து இன்னொரு சிட்டிகை போட்டாள். ஹெலன் மூக்கைச் சுளித்தார். அது என்ன என்று கேட்டார். "மெடிசின்" என்று சொல்லி வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். பொய்யில்லை. சுதாவுக்கு வயிறு நொந்த நாளெல்லாம் ஒரு சிட்டிகை கூடத்தான் விழும். அதில் என்ன இருக்கிறது என்று அடுத்த கேள்வி. பிறந்ததிலிருந்து தின்கிறேன். யோசித்துப் பார்த்தேன்.

"ஐ டோன்ட் நோ" என்றேன்.

ஹெலன் சிரித்துவிட்டார். போத்தலைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். ராணி கதவைச் சாத்தினாள். "வெள்ளக்காரிக்கும் வாயுத் தொல்ல போல, பாவம்."

சில நாளில் கூப்பிட்டார்கள். அதே அக்காதான் சொன்னார். "அண்ணை, உந்தப் பெருங்காயத்துக்குள்ளை கோதுமை மா கலந்திருக்காம். ஹெலன் தானே சோதிச்சுக் கண்டுபிடிச்சவ."

"அடி ஆத்தி! மருந்துன்னு நானே ஊட்டிருக்கேனே!" ராணியின் கண் கலங்கியது. ஹெலன் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார். உணவைப் பற்றித்தான் கேட்டேன், வீட்டு மருந்தைப் பற்றிக் கேட்க எனக்கும் தோன்றவில்லை, இனி எல்லா வீட்டிலும் கேட்பேன் என்றார். அக்கா அதைச் சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தார். "பெரிய டொக்டர்மாரின்ரை கூட்டத்திலை போத்தலைத் திறந்து வைச்சவவாம். அந்த மாடி முழுக்க இன்னும் ரசம் மணக்குது!" ராணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நரைத்த டொக்டரோ மகள் பாஸ் பண்ணிய தகப்பன் மாதிரி ஹெலனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சோதனையில் எடை ஏறியிருந்தது. குழாய்ப் பேச்சு நின்றது. அதன் பிறகு சுதா நிற்காமல் வளர்ந்தாள். பூனாகலையில் இருக்கும் என் அக்கா தீபாவளிக்கு மஞ்சள் கவுன் ஒன்று தைத்து, இங்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். பழைய போட்டோவைப் பார்த்துப் பிடித்த அளவு. பனி கொட்டத் தொடங்கிய பிறகே கைக்கு வந்தது. முதுகில் பொத்தான் பூட்டவில்லை. "அத்த தைச்சது, கழட்டமாட்டேன்" என்று தடித்த கால்சட்டைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு வாசலில் பனியில் குதித்தாள். போனில் அக்காவிடம் சொன்னேன். "கவுனு பத்தலையா? அப்ப புள்ள வளந்துட்டாளாடா?" அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும். "இனிமே அளவெடுத்து அனுப்புடா தம்பி."

அதன் பிறகு ஒவ்வொரு வருசமும் சுதாவைச் சுவரோடு நிற்கவைத்து அளவெடுத்து அனுப்பினேன். அக்கா அளவு தப்பாமல் தைத்தார். துணி மலையிறங்கி, கடல் தாண்டி இங்கே வருவதற்குள் பிள்ளை ஒரு விரல் உயர்ந்துவிடுவாள்.