நுரை துடைத்த சீட்டு

தெருவில் சலூன்காரருக்கு 'ஒரு நிமிஷம்' என்று பட்டப்பெயர். தன் சுறுசுறுப்பைப் பார்த்து வைத்த பெயர் என்று அவர் இருபது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். தெருவுக்குத்தான் விஷயம் தெரியும். பாதி கிராப்பில் "ஒரு நிமிஷம்" என்று திரைக்குப் பின்னால் போவார். திரும்பி வரும்போது வாயில் புதினா மிட்டாய் இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. இவர் அதை வாடிக்கையாளரின் மூக்குக்கு நேரே வைத்து மறைத்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை, தையல்காரருக்குச் சவரம் செய்யும்போது கை நடுங்கி, காதுமடலில் கத்தி பட்டுவிட்டது. வெள்ளைத் துண்டில் ரத்தம். தையல்காரர் கத்தவில்லை.

"ஊசி குத்தாத விரலா எனக்கு? விடு தம்பி" என்று பஞ்சை அழுத்திக்கொண்டு போய்விட்டார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சலூன்காரருக்கு.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. கறையைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடுவாள். அன்று மாலை துண்டைப் பார்த்தவள், சவரக் கத்திகளை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

"கை நிக்கிற அன்னிக்குத் தரேன்."

"சவரம் பண்ணாம எப்படிடீ கடை நடத்துறது?"

"முடி மட்டும் வெட்டுங்க. இன்னிக்குக் காது. நாளைக்குக் கழுத்துன்னா யாரு பதில் சொல்றது?"

மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "இது உடம்புக்கு. மனசுக்கு, இதே கஷ்டத்துல இருந்து வந்த நாலு பேர் வேணும். உங்க பக்கத்துலயே ஒரு குழு கூடுதுன்னு கேள்வி. விசாரிங்க" என்றார்.

யாரிடம் விசாரிப்பது? கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டால் மானம் போய்விடுமாம். ஏதோ கட்டுக்காவலில் பத்திரமாக வைத்திருந்த மாதிரி! ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். ஆனால் சாயங்காலமானால் கால் பழைய பாதைக்கே இழுத்தது. தனியாக இன்னொரு வாரம் தாங்காது என்று அவருக்கே தெரிந்தது.

சவரம் இல்லாததால் கண்ணாடிக்குக் கீழே நுரை துடைக்கிற சீட்டுகள் அப்படியே கிடந்தன. யாரோ பழைய பத்திரிகைகளுக்கு நடுவே கட்டுக் கட்டாக விட்டுவிட்டுப் போகிற சீட்டுகள். அளவும் சரி, தாளும் நல்ல தாள். எந்தப் புண்ணியவானோ என்று வாழ்த்திக்கொண்டே, இரண்டு வருஷமாகக் கத்தி நுரையை அவற்றின் வெள்ளைப் பக்கத்தில் வழித்துத் துடைத்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். அன்று கை சும்மா இருந்ததால் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

'குடியை விட நினைக்கிறீர்களா? வியாழன் மாலை ஆறு மணி, நூலகத்தின் பின்பக்க அறை. கட்டணம் இல்லை. பேசியே ஆக வேண்டும் என்றும் இல்லை.'

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் வெண்ணெயைத் தினமும் குப்பையில் கொட்டியவர்.

வியாழக்கிழமை போனார். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. வட்டமாக நாற்காலிகள்; மூன்று பேர் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு முகம் எதற்கு? இரட்டைச் சுழி, பஸ் டிரைவர். படியவே படியாத முடிக்கற்றை, கணக்கு வாத்தியார். மூன்றாவது தலையில், காதுமடல் ஓரத்தில் பிளாஸ்திரி.

ஓடிவிடலாம் என்று திரும்பியவர், டிரைவரின் பின்மண்டையை இன்னொரு தரம் பார்த்தார். முடி இடது பக்கம் ஒரு விரல் அளவு ஏறிப் போயிருந்தது. அவருடைய கைவேலைதான். இந்தக் கோலத்திலா மனுஷன் ஊரெல்லாம் பஸ் ஓட்டினார்? வெட்கத்தைத் தள்ளிவிட்டுத் தொழில் ரோஷம் முன்னால் வந்து நின்றது.

"அண்ணே, பின்னாடி கோணலா இருக்கு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வட்டமே திரும்பியது.

"தெரியும்பா" என்றார் டிரைவர். "நீ வந்து நேராக்குவேன்னுதான் விட்டு வச்சிருக்கேன்."

தையல்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு தம்பி. ரெண்டு வருஷமா உன் கடையில சீட்டு வைக்கிறேன். வைக்க வைக்கத் தீருது. ஊரே திருந்தப் போகுதுன்னு நெனச்சேன். புதுசா ஒருத்தனும் வரல."

"அதுல நுரை தொடச்சேண்ணே."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"கண்ண மூடிக்கிட்டு உன்கிட்ட உக்காந்தது என் தப்பு!" என்று தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கணக்கு வாத்தியார் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. சலூன்காரரும் சிரித்தார், சிரிப்பு அழுகையாகிவிட்டது. "ஒரு நிமிஷம்" என்று எழுந்து வெளியே போனார். எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு, மிட்டாய் இல்லாமல், சொன்ன நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு ஒரு வியாழனையும் விடவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு காலை, கடை திறக்கும்போதே மனைவி டப்பாவோடு வந்து நின்றாள். ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஒரே ஒரு கத்தியை எடுத்துக் கொடுத்தாள்.

நாற்காலியில் ஏற்கெனவே தையல்காரர் உட்கார்ந்திருந்தார். "முதல் சவரம் எனக்குத்தான். நான்தானே காது கொடுத்தேன்?" என்று தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

சலூன்காரர் நுரையைத் துண்டில் துடைத்தார். சீட்டுகள் எழுத்துப் பக்கம் தெரிய, கண்ணாடியில் சாய்ந்து நின்றன. இரண்டாவது கன்னத்துக்கு வருவதற்குள் தையல்காரர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். வாசலில் நின்ற மனைவி, அந்தக் குறட்டையைக் கேட்ட பிறகுதான் வேலைக்குக் கிளம்பினாள்.